ஊர்த் தாய்மாருக்கெல்லாம் ஒரு போன்

கோயில் பாண்ட் வாத்தியப் பிள்ளைகள் பயணம் போகும்போது கையில் போன் கொண்டு போகக் கூடாது என்று பங்கு மண்டபத்தில் எழும்பிக் கத்தியவள் ஸ்ரெல்லாதான். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டு கடைசி வாங்கில் குந்தியிருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் வாயைப் பொத்துவது ஸ்ரெல்லாவின் பிறவியிலேயே இல்லாத குணம்.

யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் அந்தப் பங்கின் பாண்டுக்கு நல்ல பெயர். பொடியன்களும் பெட்டைகளுமாக வெள்ளை உடுப்புப் போட்டு, தொப்பியில் சிவப்புக் குஞ்சம் வைத்து, பெருநாளுக்குப் பெருநாள் வெளியூர்க் கோயில்களுக்கும் போய் வாசிப்பார்கள். போன வருசம் மன்னார்ப் பக்கம் போன இடத்தில்தான் மானம் போனது. மாதாவின் சொரூபத்தைக் கோயில் வாசலுக்குக் கொண்டு வந்து நிறுத்தி, சனமெல்லாம் முழந்தாளில் நிற்க, குருவானவர் ஆசீர்வாதம் கொடுக்கக் கையைத் தூக்குகிறார். பாண்ட் மூச்சுக் காட்டாமல் நிற்கிறது. அந்த நேரம் பெரிய ட்றம் அடிக்கிற ஜெரிசனின் வயிற்றடியில் இருந்து ஒரு சினிமாக் குத்துப்பாட்டு கிளம்பியது. ட்றம்மைக் கட்டுகிற பட்டிக்குள் போனைச் செருகி வைத்திருந்திருக்கிறான். இரண்டு கையிலும் கொட்டன். எடுக்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. பாட்டு முழுக்கப் பாடி ஓய்ந்தது. அழைத்தது வேறு யாருமில்லை, அவனுடைய தாய் மார்கிரட். மகன் சாப்பிட்டானோ என்று கேட்க எடுத்தவளாம்.

இந்த வருசம் மன்னார், சிலாபம், நீர்கொழும்பு என்று ஒரு கிழமைப் பயணம். அதற்கான கூட்டத்தில்தான் போன் விசயம் எழும்பியது. பாண்ட் பழக்குகிற லெனாட் மாஸ்ரர் போன் வேண்டாம் என்றார். மார்கிரட் உடனே எழும்பினாள்.

"என்ரை பொடியனுக்கு முட்டு வருத்தம். நடுவழியிலை மூச்சு இழுத்தால் நான் ஆரைக் கேக்கிறது? போன் இல்லாமல் அவன் பஸ்ஸிலை கால் வைக்கான்."

ஸ்ரெல்லாவுக்குப் பொறுக்கவில்லை. "மார்கிரட் அக்கா, உங்கடை மனிசன் கடலுக்குப் போனால் விடியக் கரைக்கு வாறவர். இரவிரவா போன் எடுத்துச் சாப்பிட்டியளோ, குடிச்சியளோ எண்டு கேக்கிறியளோ? மனிசனைக் கடலிலை விட்டிட்டுக் குறட்டை விட்டு நித்திரை கொள்ளுறியள். பஸ்ஸிலை சொகுசா போற பொடியனுக்கு மணித்தியாலத்துக்கு ஒருக்கா போனோ?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. மார்கிரட் சிரிக்கவில்லை. சிரிக்காத ஆளை இந்தக் கரையில் கவனமாகப் பார்க்க வேண்டும்.

பங்குச் சுவாமி நல்ல மனிதர், யாரையும் நோகடிக்கத் தெரியாதவர். அப்படியானவர்கள் எடுக்கிற முடிவுதான் ஒருவரை மட்டும் பிடித்து அரைக்கும். "பிள்ளையளிட்டைப் போன் வேண்டாம். ஆனால் பெற்றோர் தேடுறதும் நியாயம்தானே. பொறுப்பா ஒரு ஆள் ஒரு போன் வைச்சிருக்கட்டும். ஸ்ரெல்லா, நீரே வைச்சிரும். உம்மடை நம்பரை எல்லாருக்கும் குடுத்து விடும்" என்றார்.

அவ்வளவுதான். வேலியில் போன ஓணான் மடிக்குள் வந்து குந்திக்கொண்டது.

ஸ்ரெல்லாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழும்புத்துறைப் பக்கம் ஒரு நண்டுக் கம்பனியில் அவித்த நண்டின் சதையை ஓட்டிலிருந்து எடுக்கிற வேலை. நாள் முழுக்கக் குளிர் அறையில் நின்று, விரல் நுனியெல்லாம் வெடித்து, எவ்வளவு சவுக்காரம் போட்டாலும் போகாத நண்டு வாசத்தோடு சைக்கிளில் வீட்டுக்கு வருவாள். புருசன் கனிசியஸ் கடற்றொழில். அவன் ஒரு வார்த்தை பேசினால் இவள் ஒன்பது பேசுவாள். அவனுக்கு அது வசதி, வீட்டில் கதை குறையாது. ஒரே பிள்ளை ஜெனிற்றா.

ஜெனிற்றா தாயைக் கொள்ளவில்லை, தகப்பனைக் கொண்டவள். வாய் திறக்காள். பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் தெரிந்த விடையையும் விழுங்கிவிடுவாள். கணிதத்தில் கோட்டை விட்டவள். தாய்மார் சேர்ந்து பிள்ளைகளைப் பற்றிக் கதைக்கிற இடத்தில் ஸ்ரெல்லாவுக்குச் சொல்ல எதுவும் இருக்காது. அப்படிப்பட்ட பெட்டையின் கையில் லெனாட் மாஸ்ரர் ஒருநாள் ட்றம்பெற்றைக் கொடுத்துப் பார்த்தார். பிறகு ட்றம்பெற் வரிசையில் நிறுத்தினார். கடைசியில் தனித்து ஊதிக்கொண்டிருந்த ஜெயசுதன் பிரான்சுக்குப் போனவுடன், தனியாக ஊதுகிற இடங்களை அவளிடமே கொடுத்துவிட்டார்.

"ஸ்ரெல்லா, உன்ரை பெட்டை ஊதுறதைக் கேட்டனியோ? ஒருக்காக் கேள். பிறகு என்னோடை கதை" என்று அவர் ஒருநாள் சந்தைக்குள் வைத்துச் சொன்னார். லெனாட் மாஸ்ரர் எவரையும் புகழ்ந்து கேட்டவர்கள் கிடையாது. ஸ்ரெல்லாவுக்கு அன்றைக்குச் சைக்கிள் தரையிலேயே ஓடவில்லை.

ஆனால் கேட்பது எப்படி? வாத்தியங்களைக் கோயில் அறையில் வைத்துப் பூட்டுவார்கள், வீட்டுக்குக் கொண்டு வர விடமாட்டார்கள். பழகுகிற நேரம் அவள் நண்டோடு நிற்பாள். பவனிகளில் எல்லோரும் சேர்ந்து வாசிப்பது கேட்டிருக்கிறாள். அந்த இரைச்சலில் தன் பிள்ளையின் சத்தம் எது என்று அவளால் பிரிக்க முடியவில்லை. பாண்டில் வயதுக் கட்டுப்பாடு இருக்கிறது, பதினெட்டு முடிந்தால் வாத்தியத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஜெனிற்றாவுக்கு இதுதான் கடைசிப் பயணம். ஒரு தரம், ஒரே ஒரு தரம், பிள்ளை தனியாக ஊதுவதை முன்னால் நின்று கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் ஸ்ரெல்லா கம்பனியில் லீவு எடுத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பாகப் புறப்பட்டாள். வாய் விட்டு யாரிடமும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் வைத்திருந்த விசயம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

பஸ் சங்குப்பிட்டிப் பாலம் தாண்டவில்லை, போன் அடிக்கத் தொடங்கியது.

"ஸ்ரெல்லா அக்கா, எங்கடையவள் சத்தி எடுத்தவளோ?"

"பிள்ளை, அவனுக்கு யன்னல் கரை இருக்கக் குடுக்காதையுங்கோ, காது குத்தும்."

"அக்கா, என்ரை மகன் முகம் வாடி நிண்டவன். என்னெண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுறீங்களோ?"

முகம் வாடியவன் பின் சீற்றில் இருந்து முறுக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தான். ஸ்ரெல்லா போய்ப் பார்த்து, திரும்பி வந்து சொல்லி, போனை வைக்க அடுத்தது அடித்தது. பிள்ளைகளின் கையில் போன் இருந்தால் அதுகள் பார்த்தும் எடுக்காமல் விட்டிருக்கும், தாய்மாரும் திட்டிவிட்டு உலை வைக்கப் போயிருப்பார்கள். இப்போது போன் எடுக்கிற ஆள் ஒன்று இருக்கிறது, அதுவும் பொறுப்பான ஆள். ஊர் விடுமா? மார்கிரட் எல்லோரையும் வென்றாள். காலையில் முட்டுக்கு வாயில் அடிக்கிற பம்ப்பை அடித்தானோ, மத்தியானம் பம்ப் அடித்தானோ, பம்ப்பை எந்தப் பையில் வைத்திருக்கிறான், அந்தப் பை எங்கே. ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் அதே வசனம்தான்.

"நீதானே பிள்ளை போன் வேண்டாமெண்டனி. அதுதான் உன்னைக் கேக்கிறன்."

மன்னாரில் மாலைப் பவனி. சொரூபம் வாசலுக்கு வந்து நின்றதும் மாதா பாட்டில் ட்றம்பெற் தனியாக எழும்பும் என்று மாஸ்ரர் சொல்லியிருந்தார். ஸ்ரெல்லா சனத்தை இடித்துக்கொண்டு முன்னுக்கு வந்து நின்றாள். ஜெனிற்றா ஒரு அடி முன்னால் வைத்தாள். கைப்பையில் போன் அடித்தது. அந்த அமைதியில் ஊரே திரும்பிப் பார்த்தது. போன் வேண்டாமென்று மண்டபத்தில் கத்தியவளின் பையிலேயே இப்போது போன் அடிக்கிறது. பையை நெஞ்சோடு அமத்திக்கொண்டு பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் பின்னால் ஓடினாள். அங்கே நின்று, கொடி பிடிக்கிற பிள்ளைக்குச் சப்பாத்துக் கடிக்கிறதோ என்று கேட்ட தாய்க்குக் கடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், பாட்டு முடிந்து சனம் கலைகிறது.

சிலாபத்தில் போனைச் சத்தமில்லாமல் வைத்துப் பார்த்தாள். அதற்குள் நான்கு தாய்மார் எடுத்துப் பார்த்துப் பதில் இல்லாமல் பங்குச் சுவாமியிடம் ஓடியிருக்கிறார்கள். சுவாமி லெனாட் மாஸ்ரரின் வீட்டுக்காரியைக் கேட்டு, அவள் சிலாபத்தில் இருக்கும் தங்கச்சியைக் கேட்டு, அந்தத் தங்கச்சி ஓட்டோ பிடித்து வந்து, பவனிக்கு நடுவில் ஸ்ரெல்லாவின் தோளைத் தட்டினாள்.

"அக்கா, உங்களை ஊரிலை எல்லாரும் தேடுகினமாம்."

அப்போது ஜெனிற்றா ஊதத் தொடங்கியிருந்தாள். இரண்டு மூன்று சுரம் காதில் விழுந்திருக்கும். பிறகு தங்கச்சிக்காரி தான் வந்த கதையை ஆதியோடந்தமாகச் சொன்னாள். ஸ்ரெல்லாவுக்கு அந்த மனிசியின் வாயில் தொப்பியைத் திணிக்க வேண்டும் போல இருந்தது.

அன்று சாப்பாட்டு நேரம் ஜெனிற்றா பக்கத்தில் வந்து இருந்தாள். "அம்மா, நான் ஊதேக்கை பாத்தனான். நீங்கள் ஆரோடையோ கதைச்சுக்கொண்டு நிண்டனீங்கள்."

"நீர்கொழும்பிலை பார். உலகம் அழிஞ்சாலும் நான் முன்னுக்கு நிப்பன்" என்றாள் ஸ்ரெல்லா.

நீர்கொழும்பில் அவர்கள் தங்கிய கரையோரப் பங்கில் மாலை பெருநாள். ஆனால் அன்று காலையில், அந்த ஊர்ப் பாண்டில் காலமெல்லாம் ட்றம் அடித்த ஒரு கிழவரின் அடக்கம். பெருநாள் வேலையில் சொந்தப் பாண்ட் சிதறிக் கிடந்தது. அந்தக் குடும்பத்தார் வந்து, யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் வந்திருக்கிறார்களாமே, எங்கள் அப்பாவுக்காக வாசிப்பார்களோ என்று தமிழும் சிங்களமும் கலந்து கேட்டார்கள். லெனாட் மாஸ்ரரால் மறுக்க முடியவில்லை.

மறுக்க முடியாத விசயம்தான், ஆனால் மறைக்க வேண்டிய விசயம். குருநகர்க் கரையில் துக்க மெட்டைச் செத்தவீடு இல்லாமல் வாசிக்கமாட்டார்கள். வாசித்தால் வீடு தேடிச் சாவு வரும் என்று ஒரு பயம். பழகுகிறபோதுகூடக் கதவு யன்னல் எல்லாம் சாத்தி, வாத்தியத்தில் ஊதாமல் வாயால் முணுமுணுத்துத்தான் பழக்குவார்கள். அந்த மெட்டு தெருவில் கேட்டால் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு யார் செத்தது என்று கேட்டுக்கொண்டு வருகிற சனம் அது. பெருநாளுக்கு என்று அனுப்பிய பிள்ளைகளைச் சாவுக்கு வாசிக்க வைத்தது தெரிந்தால் மாஸ்ரரைத் தோலை உரித்துப்போடுவார்கள்.

"ஸ்ரெல்லா, உந்த விசயத்தை ஊருக்குச் சொல்லிப் போடாதை. முடிச்சுக்கொண்டு பேசாமல் போவம்" என்றார் மாஸ்ரர்.

ஸ்ரெல்லா தலையாட்டினாள். அவளுக்கு அந்த நேரம் ஊர் நினைவே இல்லை. துக்க மெட்டின் நடுவில் ட்றம்பெற் தனியாக நீள ஊத வேண்டும் என்பதும், அதை இன்றைக்கு ஜெனிற்றா ஊதுவாள் என்பதும்தான் மனதில் நின்றது. மாதா பாட்டில் இரண்டு வரிதான். இது அப்படியல்ல, கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

பெட்டியைத் தூக்கினார்கள். பாண்ட் மெல்ல நடந்தது. ஸ்ரெல்லா ட்றம்பெற் வரிசைக்கு நேர் பக்கத்தில், மகளின் கை விரல் தெரிகிற தூரத்தில் நடந்தாள். அப்போதுதான் பெரிய ட்றம்மின் அடி தப்பியது. திரும்பிப் பார்த்தாள். ஜெரிசன் வாயைத் திறந்து மூச்சுக்கு இழுத்துக்கொண்டு நிற்கிறான். சாம்பிராணிப் புகை. ட்றம்மை இன்னொரு பொடியன் வாங்கிக்கொண்டான். பம்ப் எங்கேயடா என்றால் பஸ்ஸில் என்கிறான்.

காலையும் மத்தியானமும் தாய்க்காரி கேட்டுக் கேட்டு உயிரை எடுத்த பம்ப், தேவையான நேரம் பஸ்ஸில்!

பிள்ளையைத் தோளோடு தாங்க வேண்டும், கையில் பை ஒரு இடைஞ்சல். பக்கத்தில் அழுதுகொண்டு நடந்த ஒரு மனிசியிடம் கைப்பையைக் கொடுத்து, பிடித்திருங்கோ என்று சைகை காட்டிவிட்டு, ஸ்ரெல்லா ஜெரிசனை இழுத்துக்கொண்டு ஓடினாள். பஸ் மீன்சந்தைக்குப் பின்னால், ஐஸ் உடைக்கிற மெசினுக்குப் பக்கத்தில் நின்றது. மெசின் கடகடவென்று ஐஸ்கட்டியை அரைத்தது. அவள் பைகளைக் கிளறிப் பம்ப்பை எடுத்து, அடித்துவிட்டு, முதுகைத் தடவினாள். பொடியனின் நிறம் மெல்லத் திரும்பியது. காதைத் தீட்டிக் கேட்டாள். ஐஸ் உடைகிற சத்தத்தைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

"இந்தச் சனியனை ஒரு நிமிசம் நிப்பாட்டுங்கோ தம்பி!" என்று மெசின்காரனைப் பார்த்துக் கத்தினாள். அவனுக்கு அதுவும் கேட்கவில்லை.

ஜெரிசன் தெளிந்து இருவரும் சேமக்காலைக்குப் போனபோது பெட்டியைக் குழிக்குள் இறக்கிவிட்டிருந்தார்கள். ஜெனிற்றா ட்றம்பெற்றின் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றாள். லெனாட் மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு எங்கோ பார்த்தார். செத்தவரின் மகன் வந்து ஜெனிற்றாவின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றினான். ஸ்ரெல்லாவுக்கு எல்லாம் விளங்கியது. விளங்கி என்ன? கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அங்கேயே நிலத்தில் குந்தி ஓவென்று அழ வேண்டும் போல வந்தது.

பையை வாங்கப் போனாள். அந்த மனிசி போனைக் கையில் வைத்திருந்தாள். நடுவில் அடித்ததாம், சத்தத்தை நிறுத்துவதாக நினைத்து எதையோ தட்டிவிட்டாளாம். சத்தம் நின்றதாம். நிற்கும்தானே! அழைப்பை எடுத்துவிட்டிருக்கிறாள்.

அழைத்தது மார்கிரட். மகன் பம்ப் அடித்தானோ என்று கேட்கப் போன் எடுத்தவளின் காதில் முதலில் விழுந்தது ஒரு பெண் விம்மி அழுகிற சத்தம். அதற்குப் பின்னால் துக்க மெட்டு, தங்கள் பங்குப் பாண்ட் வாசிக்கிற அதே மெட்டு. ஸ்ரெல்லா, ஸ்ரெல்லா என்று இவள் கூப்பிடுகிறாள், பதில் இல்லை. குருநகரில் பிறந்து வளர்ந்த யாருக்கும் அதற்கு ஒரே அர்த்தம்தான். மார்கிரட் முற்றத்தில் விழுந்தாள். அயல் கூடியது. பாண்டில் ஒரு பிள்ளை முடிந்துவிட்டதாம் என்று ஒழுங்கை முழுக்கப் பரவியது. எந்தப் பிள்ளை என்று தெரியாததால் எல்லாத் தாயும் தன் பிள்ளை என்று நினைத்தே குளறினார்கள். கோயில் மணியடிக்கிற சங்கிலித்தாம் என்கிறவன் யாரையும் கேட்காமல் துக்க மணியை இழுத்துவிட்டான். மணிச் சத்தம் கேட்டுப் பக்கத்துக் கடலில் நின்ற வள்ளங்கள் வலையைப் பாதியில் விட்டுக் கரைக்குத் திரும்பின. கனிசியஸ் நனைந்த சாரத்தோடு கோயிலுக்கு ஓடி வந்தானாம்.

ஸ்ரெல்லா போனைக் காதில் வைத்தபோது கதைத்தது பங்குச் சுவாமி. "ஸ்ரெல்லா, மறைக்காமல் சொல்லும். ஆரின்ரை பிள்ளை?"

"ஒருத்தரும் சாகேல்லைச் சுவாமி! செத்தது இஞ்சத்தைக் கிழவன்!"

அதற்குப் பிறகு வீடியோவில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவராகக் காட்டினாள். பாவி, அங்கேயாவது கதை முடிந்திருக்கலாம். அழுகை அடங்க அடங்கக் கோபம் கிளம்பியது. பெருநாளுக்குப் போன பிள்ளைகளைச் செத்தவீட்டில் வாசிக்க வைத்தார்களாம், ஜெரிசனுக்கு மூச்சு இழுத்ததும் அதனால்தானாம், இனி ஒரு நிமிசமும் அங்கே நிற்கக் கூடாதாம். சுவாமி பாவம், தாய்மார் வளைத்து நிற்க என்ன செய்வார்? பின்னேரப் பவனிக்கு நிற்காமல் பஸ்ஸைத் திருப்பச் சொன்னார். லெனாட் மாஸ்ரர் ஒருதரம் வாதாடினார், பிறகு தொப்பியைக் கழற்றிச் சீற்றில் எறிந்தார். பெருநாள் நடக்கவிருந்த கோயிலின் கொடிகளுக்குக் கீழால் பஸ் வெளிக்கிட்டது.

வழி முழுக்க ஜெனிற்றா யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். புத்தளம் தாண்டித்தான் கேட்டாள். "செத்தவீட்டிலையெண்டாலும் கேட்டனீங்களோ அம்மா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். "இல்லை மோனை. ஜெரிசனோடை பஸ்ஸடியிலை நிண்டனான்."

பெட்டை திரும்பவும் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். திட்டியிருந்தால் ஸ்ரெல்லா பதிலுக்குத் திட்டி ஆறியிருப்பாள்.

ஞாயிறு பூசை முடியத் திரும்பவும் பங்கு மண்டபத்தில் கூட்டம். இந்த முறை மண்டபம் கொள்ளாத சனம். பிள்ளைகள் கரை வாங்குகளில் வரிசையாக இருந்தார்கள். பிள்ளைகளிடம் போன் இருந்திருந்தால் ஒருத்தரும் இப்படிப் பதறியிருக்கத் தேவையில்லை என்று ஒரு பக்கம். பிள்ளைகளிடம் போன் இருந்திருந்தால் ஊருக்கே அந்த மெட்டு கேட்டிருக்கும் என்று மறுபக்கம். ஒரு தகப்பன், பாதியில் விட்ட வலைக்கு யார் பொறுப்பு என்றான். கனிசியஸ் சுவரோடு சாய்ந்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். மார்கிரட் முன் வாங்கில் நின்று விரலை நீட்டினாள்.

"போன் வேண்டாமெண்டு வாய் கிழியக் கத்தினவ உவதான்! ஒரு போனைக் கையிலை வைச்சிருக்கத் தெரியேல்லை. ஆரின்ரையோ கையிலை குடுத்திட்டுப் போனவ! பெத்த வயிறு எண்டால் என்னெண்டு உவவுக்குத் தெரியுமோ?"

ஸ்ரெல்லா எழும்பினாள். இனி விழப்போகிற ஏச்சைக் கேட்க எல்லோரும் தயார். கிழவரின் கதை, பம்ப்பின் கதை, பஸ்ஸில் பம்ப்பை விட்டுவிட்டு வந்த பொடியனின் கதை எல்லாம் அவளுக்குத் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அதையெல்லாம் கொட்டியிருந்தால் நியாயம் அவள் பக்கம்தான் இருந்திருக்கும். ஆனால் வாயில் வந்தது வேறு.

"அக்கா, அந்தப் போனை நீங்கள் இடையிலை வைச்சனீங்களோ, முழுக்கக் கேட்டனீங்களோ?"

மார்கிரட்டுக்கு விளங்கவில்லை. "முழுக்கத்தான் கேட்டனான். ஏன்?"

"நடுவிலை ட்றம்பெற் தனிய ஊதினது கேட்டதோ?"

"கேட்டது."

"அது என்ரை பெட்டை. எப்பிடி ஊதினவள் அக்கா?"

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திவிட்டார்கள். மார்கிரட்டின் நீட்டிய விரல் தானாக இறங்கியது. அவள் பிள்ளைகளின் வாங்கைத் திரும்பிப் பார்த்தாள். ஜெனிற்றா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் முத்தத்திலை விழுந்து கிடந்தனான்" என்றாள் மார்கிரட். குரல் இப்போது மண்டபத்துக்கு இல்லை, ஸ்ரெல்லாவுக்கு மட்டும். "மனிசன் போனைப் பறிக்கப் பாத்தது. நான் குடுக்கேல்லை. தொடங்கேக்கை பிள்ளைக்குக் கொஞ்சம் நடுங்கினது. பிறகு நீட்டினாள் பார், எங்கை மூச்சு எடுக்கிறாள் எண்டே தெரியேல்லை. பெட்டிக்குள்ளை கிடக்கிறது என்ரை ஜெரிசன் எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டு கேட்டனான். அந்த நேரத்திலையும், என்ரை பிள்ளையை ஆரோ இவ்வளவு ஆசையா வழி அனுப்புகினம் எண்டு எனக்கு ஒரு ஆறுதல் வந்தது. பிள்ளை செத்துப் போச்செண்டு நினைச்ச நேரத்திலை ஒரு தாய்க்கு ஆறுதல் வரலாமோ ஸ்ரெல்லா? அதை நினைச்சால்தான் எனக்கு உன்னிலை கோபம் கோபமா வருது."

சொல்லிவிட்டு அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்துவிட்டாள்.

ஸ்ரெல்லா நின்றபடியே நின்றாள். அவளுக்கு மார்கிரட்டைக் கட்டிப் பிடிக்கவும் வேண்டும் போல இருந்தது, அவளுடைய தலைமயிரைப் பிடித்து உலுக்கவும் வேண்டும் போல இருந்தது.

"மன்னாரிலை கேக்க விடேல்லை, சிலாபத்திலை கேக்க விடேல்லை" என்றாள். "பம்ப் அடிச்சவனோ, பம்ப் அடிச்சவனோ எண்டு ஊரெல்லாம் சேந்து என்ரை காதை அடைச்சுப்போட்டு, கடைசியிலை நீங்கள் கேட்டிருக்கிறியள் அக்கா. நான் கேக்கேல்லை."